கூண்டு வெளியில், நாய் உள்ளே

பின்பக்கக் குழாய் இரண்டு மணி நேரம் திறந்தே கிடந்திருக்கிறது. தொட்டி நிரம்பி, நடை நிரம்பி, தையல் அறைக் கதவுக்கு அடியில் தண்ணீர் நுழைந்து, தரையில் விரித்திருந்த நாற்பது மீட்டர் துணியில் பாதியை நனைத்த பிறகுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. அதுவும் காதால் அல்ல, காலால். மிஷின் பெடல் மேல் இருந்த பாதம் திடீரென்று சில்லிட்டது. குனிந்து பார்த்தால் தண்ணீர்.

சாயங்காலம் புருஷன் வந்து ஈரத் துணியையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"குழாயை மூடலையா?"

"மறந்துட்டேன்."

"தண்ணி விழற சத்தம் கூடவா கேட்கல?"

"மிஷின் ஓடிட்டிருந்துச்சு இல்ல."

மிஷின் ஓடியது கடைசிப் பத்து நிமிஷம்தான். அதற்கு முன்னால் முழுக்க அவள் கையால் விளிம்பு மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அறையில் ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதி. கேட்கிறவர்களுக்கு.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. தெருவில் எல்லோரும் கர்ட்டன் அக்கா என்பார்கள். ஓட்டல், ஆஸ்பத்திரி, புதிதாகக் குடிபோகிறவர்கள் என்று இருபத்தாறு வருஷமாக மற்றவர்களின் ஜன்னல்களுக்குத் துணி தைத்துக் கொடுப்பவள். ஜன்னலை ஒருமுறை பார்த்தால் போதும், எத்தனை மடிப்பு வைத்தால் துணி அழகாக விழும் என்று டேப்பை எடுக்காமலே சொல்லிவிடுவாள். நூல் சிக்கப்போவதை மிஷினின் அதிர்வு பாதத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடும். அந்தப் பாதத்தை நம்பித்தான் இரண்டு வருஷமாகக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

முதலில் போனது கெட்டிலின் விசில். பிறகு வாசல் மணி. பிறகு குழாய்த் தண்ணீர். முகத்தைப் பார்த்துப் பேசினால் பேச்சு புரிந்தது, முதுகுக்குப் பின்னால் இருந்து பேசினால் ஏதோ முணுமுணுப்புதான் வந்தது. அதனால் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியாமல் போயிற்று. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து அடுப்பைப் பார்ப்பாள். அடுப்பை அணைத்திருப்பாள். திரும்பி வந்து உட்கார்ந்ததும் வாசலில் யாரோ நிற்பது போல் இருக்கும். போய்ப் பார்த்தால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். மிஷினை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டாள், அப்போது பின்கதவு முதுகுப் பக்கம் வந்துவிட்டது. சுவரில் ஒரு கண்ணாடி மாட்டினாள், அதில் தன் உருவம் அசைவதைப் பார்த்தே இரண்டு முறை துள்ளி எழுந்தாள். நேர்கோடு போட்ட மாதிரி தைத்த கை, முதல்முறையாகத் தையலைக் கோணலாக விட்டது.

எட்டு மாதத்துக்கு முன் ஒருவருக்கும் சொல்லாமல் காது டாக்டரிடம் போய் வந்திருந்தாள். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். அவள் காத்துக்கொண்டே இருந்தாள். பரிசோதனை எப்போது ஆரம்பிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, முடிந்துவிட்டது, வெளியே வரலாம் என்று சைகை காட்டினார்கள். மெல்லிய, உச்சத்தில் எழும் சத்தங்கள் இரண்டு காதுக்கும் போய்விட்டன, இனித் திரும்ப வராது என்றார் டாக்டர். காதில் மாட்டும் மிஷின் ஒன்று வாங்கினாள். அதை மாட்டிக்கொண்டு தையல் மிஷினை ஓட்டியபோது தலைக்குள் யாரோ கல் உடைப்பது போல் இருந்தது. கழற்றிப் பீரோவில் போட்டவள் அதன் பிறகு எடுக்கவில்லை.

புருஷனிடம் ஏன் சொல்லவில்லை என்றால், அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவளுடைய மாமியார் கடைசி ஆறு வருஷம் காது கேட்காமல் அவர்களோடுதான் இருந்தார். எதைச் சொன்னாலும் "ஆங்?" என்பார். அவர் மகன், அதாவது இவள் புருஷன், சாப்பாட்டு மேஜையில் வேண்டுமென்றே சத்தம் வராமல் வாயை மட்டும் அசைப்பார். மாமியார் எல்லாம் புரிந்தது போல் தலையாட்டுவார். வீடே சிரிக்கும். அந்தச் சிரிப்பில் அதிகம் சிரித்தவள் இவள்தான்.

நாய் யோசனை வந்தது ஒரு வாடிக்கையாளர் வீட்டில். ஜன்னல் அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். கம்பளத்தில் படுத்திருந்த நாய் சட்டென்று தலையைத் தூக்கி, காதை விறைத்து, எழுந்து போய் எஜமானியின் முழங்காலை மூக்கால் இடித்தது. அந்தப் பெண் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். வெளியே தபால்காரர். மணி அடித்ததே இவளுக்குத் தெரியாது. டேப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

அன்றைக்கே புருஷனிடம் கேட்டாள். "நாம ஒரு நாய் வளர்க்கலாமா?"

அவர் கையிலிருந்த டீயை மேஜையில் வைத்துவிட்டுத்தான் சிரித்தார். கேட்ட இடம் அப்படி. அவர் மின்சார மீட்டர் கணக்கு எடுப்பவர். முப்பது வருஷமாக வீடு வீடாகக் கேட்டைத் திறந்தவர். மூன்று முறை கடிபட்டவர். எந்த வீட்டில் எந்த நாய், சங்கிலி எவ்வளவு நீளம், எங்கே நின்றால் பல் எட்டாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"நாயைப் பத்தி வளர்க்கறவன்கிட்ட கேட்கக் கூடாது. கேட்டுக்கு வெளியில நிக்கறவன்கிட்ட கேட்கணும்," என்று ஆரம்பித்தார். "லேப்ரடார் நல்ல பிள்ளை, ஆனா திருடன் வந்தா டார்ச் பிடிக்கும். பொமரேனியன் காத்தடிச்சாக்கூட ஊரைக் கூட்டும். பக் இருக்கே, அது பகல்லயே குறட்டை விடும், யார் வந்தாங்கன்னு நாமதான் அதை எழுப்பிச் சொல்லணும். டாபர்மேன் குரைக்கவே குரைக்காது, சும்மா பார்க்கும். அந்தப் பார்வைக்கே நான் போன மாசக் கணக்கைப் போட்டுட்டு வந்துடுவேன்."

"உங்களைக் கடிச்சது எது?"

"ரெண்டு தெரு நாய். மூணாவது டேஷ்ஹவுண்ட். ரயில் பெட்டி மாதிரி நீளமா, காலே இல்லாத மாதிரி குட்டையா ஒண்ணு இருக்குமே, அது. சோபாவுக்கு அடியில இருந்து வந்துச்சு. அதோட உயரத்துக்கு மனுஷன்னா கணுக்கால்தான். பிடிச்சது பிடிச்சபடி தொங்குச்சு." வேட்டியைத் தூக்கித் தழும்பைக் காட்டினார். இவள் அதை நூறு தடவை பார்த்திருக்கிறாள்.

பேச்சு அதோடு நின்றிருக்கும். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டாரை யாரோ பட்டப்பகலில் கழற்றிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு அவரே இறங்கி வந்தார். வாங்கினால் ஜெர்மன் ஷெப்பர்ட்தான் வாங்க வேண்டும், அதுவும் வெளியில்தான் இருக்க வேண்டும், வாசற்படி தாண்டி ஒரு கால் உள்ளே வரக் கூடாது. இவள் வாயைத் திறக்கவில்லை. முதலில் நாய் வரட்டும், உள்ளேயா வெளியேயா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

குட்டி பார்க்க ஓய்வுபெற்ற ஒரு லாரி ஓட்டுநர் வீட்டுக்குப் போனார்கள். ஆறு குட்டிகள், ஒவ்வொன்றும் பஞ்சு மூட்டை மாதிரி. புருஷன் குழந்தையாகவே மாறிவிட்டார். அவளுடைய கண் குட்டிகள் மேல் நிற்கவில்லை. கொல்லையில் தாய் நாய் சங்கிலியில் கிடந்தது. சங்கிலி எட்டும் வரைக்கும் மண் புல்லில்லாமல் வட்டமாகத் தேய்ந்திருந்தது. நாய் எழுந்து வட்டத்தைச் சுற்றியது, படுத்தது, மறுபடி எழுந்தது.

"இதை வீட்டுக்குள்ள விட மாட்டீங்களா?" என்று கேட்டாள்.

"உள்ள விட்டா காவலை மறந்துடும்மா," என்றார் ஓட்டுநர்.

அந்த நாயின் கண்ணில் இருந்த பரபரப்பை அவளுக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்ப்பது. "வாங்கறதுக்கு முன்னாடி ஒரு டாக்டரைக் கேட்டுடலாங்க," என்று புருஷனை அங்கிருந்து கிளப்பினாள்.

கால்நடை டாக்டர் நாற்பது வயதுப் பெண். மாஸ்க் போட்டுக்கொண்டு, மேஜை மேல் ஒரு பூனையின் காதைத் துடைத்துக்கொண்டிருந்தார். புருஷன் விஷயத்தைச் சொன்னார். டாக்டர் அவள் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். மாஸ்க்குக்குப் பின்னால் உதடு தெரியவில்லை. குளிப்பாட்டுவது பற்றி இருக்கும் என்று அவளாக ஊகித்துக்கொண்டாள்.

"வாரத்துக்கு ரெண்டு தடவை பண்ணிடலாம் டாக்டர்."

புருஷன் சிரித்தார். "நாய் வீட்டுக்குள்ளயா வெளியிலயான்னு கேட்கறாங்க. நீ எங்க இருக்க?"

டாக்டர் சிரிக்கவில்லை. மாஸ்க்கைக் கீழே இறக்கி, அவள் முகத்தைப் பார்த்து, நிதானமாக அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். "உள்ளதான்," என்றாள் அவள். "வெளியிலதான்," என்றார் புருஷன்.

அந்த நேரம் பார்த்து உதவியாளர் கையிலிருந்த ஸ்டீல் தட்டு, கத்தரி, இடுக்கி எல்லாம் அவளுக்குப் பின்னால் கல்தரையில் சிதறின. பூனை மேஜையிலிருந்து பாய்ந்தது. புருஷன் துள்ளித் திரும்பினார். அவள் மட்டும் சுவரிலிருந்த நாய்ப் படங்களைப் பார்த்தபடி இருந்தாள். பூனை ஏன் ஓடுகிறது என்று புரியாமல் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். புருஷனும்.

வீட்டுக்கு வந்ததும் அவள் தையல் அறைக்குப் போய் ஈரத்தில் சாயம் இறங்கிய துணியை வெட்டி ஒதுக்க உட்கார்ந்தாள். கால் மணி நேரம் கழித்து ஜன்னலில் ஒரு நிழல் விழுந்தது. நிமிர்ந்தாள். வெளியே புருஷன் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

உள்ளே வந்து அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "பதினோரு தடவை மணி அடிச்சேன்," என்றார். "எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு வருஷம்."

"என்கிட்ட சொல்லணும்னு தோணவே இல்லையா? நான் என்ன வேத்தாளா?"

"உங்க அம்மாவை நாம என்ன பாடு படுத்தினோம்னு நினைச்சுப் பாருங்க."

அவர் துணியின் ஓரத்தை எடுத்து விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டார் கடைசியில்.

"தெரியாம இருக்குமா? யாராவது வாயை மட்டும் அசைச்சா எனக்கு இப்ப ஒரு நொடியில தெரிஞ்சுடுது."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தது. கழுவின முகமா அழுத முகமா என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் இருவரும் மறுபடி டாக்டரிடம் போனார்கள். இந்த முறை அவளே சொன்னாள். மணி, அடுப்பு, தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது கனமான துணிச்சுருளைத் தோளிலிருந்து இறக்கி வைத்தது போல் இருந்தது.

"அப்ப நீங்க சாதி பார்க்க வேண்டாம், குணம் பாருங்க," என்றார் டாக்டர். "பயந்த நாய் ஆகாது. எல்லாத்துக்கும் குதிக்கற நாயும் ஆகாது. சத்தத்தைக் கவனிக்கணும், மனுஷங்களைத் தேடி வரணும். குட்டியா இருந்தா இதெல்லாம் வளர்ந்த பிறகுதான் தெரியும். என்கிட்ட நாலு வயசு ஒண்ணு இருக்கு. அதோட சொந்தக்காரங்க, நாய் வளர்க்கக் கூடாதுன்னு சொன்ன அடுக்குமாடிக்குக் குடிபோயிட்டாங்க. பாக்கறீங்களா?"

உள்ளறைக் கதவைத் திறந்தார். ரயில் பெட்டி மாதிரி நீளமாக, காலே இல்லாத மாதிரி குட்டையாகப் பழுப்பு நிறத்தில் ஒன்று தரையைக் கூட்டிக்கொண்டு வந்தது. புருஷன் இருந்த நாற்காலியிலேயே இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டார்.

"இந்தச் சாதியா? டாக்டர், வேற ஒண்ணும் இல்லையா?"

நாய் அவரைச் சட்டை செய்யவில்லை. நேராக அவளிடம் வந்து, செருப்பை முகர்ந்து, ஒட்டியிருந்த நூலைப் பல்லால் எடுத்துத் தின்றுவிட்டது. டாக்டர் மேஜைக்கு அடியில் ஒரு சாவிக்கொத்தை ஆட்டினார். நாய் திரும்பிப் பார்த்தது, பிறகு அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. உனக்குக் கேட்டதா என்று விசாரிப்பது போல் இருந்தது.

பத்து நாள் வைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. பழைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அது காது கொடுக்கவில்லை. நீளத்தைப் பார்த்து அவள் "நாடா" என்று கூப்பிட்டாள், அதுவே நிலைத்தது.

உள்ளே, வெளியே என்ற வழக்கு அப்போதும் தீரவில்லை. அவர் ஒரு பழைய கதவை அறுத்துப் பின்பக்கம் கூண்டு செய்தார், மேலே தகரம் போட்டார், பெயின்ட் கூட அடித்தார். "மணி அடிச்சா அது குரைக்கும். உனக்குத் தெரிஞ்சுடும். எதுக்கு உள்ள வரணும்?" என்றார். அந்தக் கணுக்கால் பேசுகிறது என்று அவளுக்குத் தெரியும். சரி, பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள்.

இரண்டாம் நாள் மதியம் பக்கத்து வீட்டுக்காரி முகம் சிவந்து தையல் அறை ஜன்னலைத் தட்டினாள். "அக்கா, ஒரு மணி நேரமா உங்க நாய் கத்திட்டே இருக்கு, பிள்ளை தூங்கல. மணி அடிச்சு அடிச்சு என் விரல்தான் வலிக்குது."

சாயங்காலம் அவர் வந்ததும் அவள் சொன்னாள். "வெளியில இருந்து அது குரைச்சா தெருவுக்கே கேட்குது, எனக்கு மட்டும் கேட்கல. அது வந்து என்னைத் தொடணும். தொடணும்னா உள்ள இருக்கணும். இதுல யோசிக்க என்ன இருக்கு, சொல்லுங்க."

அவர் கூண்டைப் பார்த்தார். பெயின்ட் இன்னும் காயவில்லை. "படுக்கையறைக்கு மட்டும் வரக் கூடாது," என்றார். நாடா உள்ளே வந்தது. கூண்டில் அவர் மண்வெட்டியையும் கயிற்றையும் போட்டு வைத்தார்.

உள்ளே வந்துவிட்டதால் எல்லாம் சுபமாகிவிடவில்லை. முதல் மாதம் அவளுக்கு நிம்மதி என்பதே இல்லை. டாக்டர் சொன்னபடி, மணி அடித்ததும் நாடா வந்து மூக்கால் இடித்தால் ஒரு சிறு பிஸ்கட் துண்டு. பிஸ்கட்டின் கணக்கு நாடாவுக்கு இரண்டே நாளில் விளங்கிவிட்டது, மணியின் கணக்கு விளங்கவில்லை. காற்றுக்கு இடித்தது, காக்கைக்கு இடித்தது, ஒன்றுமே இல்லாததற்கும் இடித்தது. முன்பு பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்தவள் இப்போது மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தைத்த பச்சைத் துணியெங்கும் பழுப்பு முடி. ஓர் அறைக்குள் இரண்டு உயிர்கள் நிலைகொள்ளாமல் அலைந்தன. பத்தாம் நாள் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அவளே சொன்னாள்.

தடுத்தவர் அவர். "இன்னும் பத்து நாள்," என்றார். வேலை முடிந்து வந்ததும் வெளியே நின்று மணி அடிப்பார். நாடா போய் அவளை இடித்துக் கூட்டிவந்தால் மட்டும் உள்ளே வருவார். இல்லையென்றால் மறுபடி அடிப்பார். ஒருநாள் மழையில் நனைந்துகொண்டு இருபது நிமிஷம் நின்றார். உள்ளே வந்ததும் நாற்காலியில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பிஸ்கட் கொடுப்பார், விரலை நீட்டாமல் தூர எறிவார். ஆறாவது வாரம் ஒரு கால் கீழே இறங்கியது.

மூன்றாம் மாதத்தில் மணியும் கெட்டிலும் நாடாவுக்குப் படிந்தன. குழாய்த் தண்ணீர் கடைசிவரை படியவில்லை, அதை அது ஒரு சத்தமாகவே மதிக்கவில்லை. அதற்கு அவர் தானாக மூடிக்கொள்ளும் ஒரு மிதவை மாட்டினார். அவள் காது மிஷினைப் பீரோவிலிருந்து எடுத்து, காது டாக்டரிடம் சத்தத்தைக் குறைத்து வாங்கி, வாடிக்கையாளர்களிடம் பேசும்போது போட்டுக்கொண்டாள். "எனக்குக் காது கொஞ்சம் மந்தம், முகத்தைப் பார்த்துப் பேசுங்க," என்று முதல்முறை ஓர் ஓட்டல்காரரிடம் சொன்னாள். அந்த ஓட்டல்காரர் "சரிம்மா" என்று சொல்லிவிட்டுத் துணியின் நிறத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவ்வளவுதான்.

ஒரு மாலை அவர் சாப்பிடும்போது திடீரென்று சொன்னார். "கோடி வீட்டுல ஒரு அம்மா தனியா இருக்காங்க. வெளியில நாய் கட்டியிருக்கும், தொண்டை கிழியக் குரைக்கும். நான் போறப்பல்லாம் உள்ள லைட் எரியும், யாரும் வர மாட்டாங்க. ரெண்டு வருஷமா 'கதவு பூட்டு'ன்னு எழுதிட்டு வந்துடறேன். இன்னைக்கு ஜன்னல் வழியா பார்த்தேன். உள்ள உட்கார்ந்து பட்டாணி உரிச்சிட்டிருக்காங்க."

அவள் கை சாப்பாட்டில் நின்றது. அந்த வாரக் கடைசியில், நாடாவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு அவரோடு போனாள். சங்கிலி நாய் எம்பி எம்பிக் குரைத்தது. மணி அடித்தும் ஒன்றும் நடக்கவில்லை. பக்கவாட்டில் போய் ஜன்னல் எதிரே நின்று கையை ஆட்டினாள். அந்த அம்மாள் திடுக்கிட்டு எழுந்து கதவைப் பாதி திறந்தார்.

கர்ட்டன் அக்கா அவர் முகத்துக்கு நேரே நின்று, தன் கதையைச் சுருக்கமாகச் சொன்னாள். அந்த அம்மாள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாடாவை ஒருமுறை குனிந்து பார்த்தார்.

"எனக்கு நல்லாத்தான் கேட்குது," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

"என்னடி இது, மூஞ்சில அடிச்ச மாதிரி," என்றார் புருஷன்.

"ரெண்டு வருஷமா நான் உங்ககிட்ட சொன்னதும் இதைத்தான்," என்றாள் அவள். பையிலிருந்து துணி அளவு எழுதும் சீட்டில் ஒன்றைக் கிழித்து, கால்நடை டாக்டரின் நம்பரையும் காது டாக்டரின் நம்பரையும் எழுதி, கதவுக்கு அடியில் தள்ளினாள். "இந்த வீட்டு ஜன்னல் ரெண்டுக்கும் கர்ட்டனே இல்ல, பார்த்தீங்களா. அடுத்த வாரம் அளவெடுக்கற சாக்குல வரேன்."

நாடா அதற்குள் சங்கிலி எட்டாத தூரத்தில் உட்கார்ந்து, குரைக்கிற நாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. குரைப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.